லென்ஸுக்கு அடங்காத ஒளி!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். "என் ப்ராசசர் 5 நானோ மீட்டர் டெக்னாலஜி என்று கடைக்காரர் சொன்னார். அவ்வளவு நுணுக்கமாக எப்படிச் செதுக்குகிறார்கள்?"

செதுக்குவதில்லை, ஒளியைக் கொண்டு அச்சிடுகிறார்கள் என்றேன். அந்த ஒளியைக் கையாளத்தான் எத்தனை பாடு! அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். 5 நானோ மீட்டர் என்பது இன்று தயாரிப்பு முறைக்கு வைத்த பெயர்தான். சிப்பில் உள்ள எந்தப் பாகத்தின் அளவும் அதுவல்ல.

ஏன் புது ஒளி?

சிலிக்கான் தகட்டின் மேல் ஒளி பட்டால் மாறும் ஒரு பூச்சைத் தடவுகிறார்கள். மாஸ்க் எனப்படும் அச்சில் உள்ள சர்க்யூட் படத்தைச் சுருக்கி அதன் மேல் விழச் செய்கிறார்கள். கோடு மெல்லியதாக வேண்டுமானால் ஒளியின் அலை நீளம் குறைய வேண்டும். பல ஆண்டுகளாகப் பயன்படும் ஒளியின் அலை நீளம் 193 நானோ மீட்டர். புதிய முறையில் அது வெறும் 13.5 நானோ மீட்டர். இதற்கு எக்ஸ்ட்ரீம் அல்ட்ரா வயலட், சுருக்கமாக இ.யு.வி. என்று பெயர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஒளியை லென்ஸ் விழுங்கிவிடும். காற்றும் விழுங்கிவிடும். எனவே மெஷினின் உள்ளே வெற்றிடம் வேண்டும். லென்ஸுக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடி வகைதான் வேண்டும். தமிழில் இரண்டுக்குமே கண்ணாடி என்று சொல்வதால், குழப்பம் வராமல் இருக்க மிர்ரர் என்றே எழுதுகிறேன்.

அடுக்கு மேல் அடுக்கு

நம் வீட்டு மிர்ரரில் இ.யு.வி. பட்டால் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே அடங்கிவிடும். எனவே மாலிப்டினம், சிலிக்கான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூசுகிறார்கள். ஒரு ஜோடியின் தடிமன் சுமார் 7 நானோ மீட்டர். அதாவது அலை நீளத்தில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு அடுக்கின் எல்லையிலும் மிகச் சிறிதளவு ஒளியே திரும்பும். ஆனால் 40, 50 ஜோடிகளில் இருந்தும் திரும்பும் அலைகள் ஒரே தாளத்தில் சேர்வதால், மொத்தத்தில் சுமார் 70 சதவீத ஒளி திரும்பக் கிடைக்கிறது.

ஏன் இந்த இரண்டு பொருட்கள்? இரண்டின் ஒளித் தன்மையும் வேறுபட வேண்டும். ஆனால் இரண்டுமே ஒளியை அதிகம் விழுங்கக் கூடாது. சிலிக்கான் 12.4 நானோ மீட்டருக்குக் கீழே போனால் ஒளியை வேகமாக விழுங்கும். 13.5 அதற்குச் சற்று மேலே இருப்பதால் தப்பிக்கிறது. மேலே துருப்பிடிக்காமல் காக்க ருதேனியம் என்ற உலோகத்தை மெல்லிய போர்வையாகப் பூசுகிறார்கள்.

ஒரு சிறு கணக்கு

ஒரு மிர்ரரில் 70 சதவீதம். இரண்டாவதில் 49. மூன்றாவதில் 34. பத்து மிர்ரர்களைத் தாண்டினால் மிஞ்சுவது 3 சதவீதத்துக்கும் குறைவு! மிர்ரரின் திறன் 70-க்குப் பதில் 65 ஆக இருந்தால் மிஞ்சுவது அதிலும் பாதிதான். ஒளி பாதியானால் ஒவ்வொரு தகட்டையும் அச்சிட இரு மடங்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு சதவீதத்துக்காகவும் இவர்கள் போராடுவது இதனால்தான்.

இந்த மெஷின்களை உருவாக்குவது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். மிர்ரர்களைத் தருவது ஜெர்மனியின் ஸைஸ். அந்த மிர்ரரை ஜெர்மனி நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கினாலும், அதில் உள்ள மேடு 0.1 மில்லி மீட்டரைத் தாண்டாது என்கிறது ஸைஸ்.

ஃபில்டர் எதற்கு?

சூரியனைப் படமெடுக்க, 2010-ல் நாசா அனுப்பிய எஸ்டிஓ விண்கலத்திலும் இத்தகைய அடுக்கு மிர்ரர்கள் உள்ளன. அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, இ.யு.வி.யை மட்டும் உள்ளே விட வேண்டும். அதற்கு ஃபில்டராக உலோகத் தாளையே வைத்திருக்கிறார்கள். அலுமினியத் தாளின் தடிமன் சுமார் 150 நானோ மீட்டர். நம் தலைமுடியில் ஐநூறில் ஒரு பங்கு! கிழியாமல் இருக்க ஒரு வலை அதைத் தாங்குகிறது. 17 நானோ மீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை அலுமினியம் விழுங்கிவிடும் என்பதால், அங்கே சிர்கோனியம் தாள்.

உங்கள் கம்ப்யூட்டரில்...

1986-ல் ஜப்பானின் ஹிரூ கினோஷிடா இம்முறையில் எடுத்த படத்தைக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 2019-ல்தான் இம்முறையில் அச்சிட்ட சிப்கள் செல்போன்களில் வந்தன. 2022-ல் வந்த டெஸ்க்டாப் ரைசன் 7000 வரிசையிலும், 2023-ல் வந்த முதல் கோர் அல்ட்ராவிலும் இ.யு.வி. உண்டு.

சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இயக்கி, டெக்னாலஜி என்ற கட்டத்தைப் பாருங்கள். உங்கள் ப்ராசசரின் நானோ மீட்டர் எண் தெரியும். ஆனால் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டு ப்ராசசர் வாங்காதீர்கள். முன்பே சொன்னதுபோல், அது பெயர்தான்!