கெம்புக் கல்லும் நீலக் கல்லும்: இயற்கையையும் செயற்கையையும் பிரித்தறிதல்

மேற்குத் தொடர்ச்சி மலையில் போடிமெட்டை ஒட்டிய பகுதி, சார்னோக்கைட், நைஸ் முதலிய தொன்மையான பாறைகளால் ஆயது. இவ்வகைப் பாறைகளில் செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்திருப்பதுண்டு. ஓடையில் பொறுக்கிய சிவந்த மணியைக் காட்டி, ‘இது மாணிக்கமா?’ என மாணவர் வினவலாம். குடும்ப நகையிலுள்ள கெம்பைக் காட்டி, ‘இஃது இயற்கைக் கல்தானா?’ எனப் பெரியோர் வினவலாம். முதல் வினாவிற்கு விடை காண்பது எளிது. இரண்டாவது வினாவோ மிகுந்த கவனத்தை வேண்டுவது.

மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் இரு வகைகளாகும். ‘கொரண்டம்’ என்னும் அறிவியற் பெயரும் இச்சொல்லினின்றே தோன்றியது. குருந்தம் என்பது அலுமினியம் ஆக்ஸைடு. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் செந்நிறமும், இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலநிறமும் உண்டாகின்றன. அதன் கடினம் மோஸ் அளவையில் 9. ஒப்படர்த்தி ஏறத்தாழ 4. ஒளிவிலகல் எண் 1.76 முதல் 1.77 வரை. கார்னெட்டின் கடினம் இதனினும் குறைவு. மேலும், போலராய்டுத் தகட்டின் வழியே மாணிக்கத்தைப் பார்த்துக்கொண்டு தகட்டைச் சுழற்றினால், தக்க திசையில் அதன் சிவப்பு இருவேறு சாயல்களாக மாறித் தோன்றும். கார்னெட்டில் இம்மாற்றம் இல்லை. வண்ணக் கண்ணாடியோ இன்னும் மென்மையானது. நாளடைவில் அதன் விளிம்புகள் தேய்ந்துவிடும்.

செயற்கை மாணிக்கத்தின் நிலை வேறு. பிரான்ஸ் நாட்டு ரசாயன அறிஞர் ஆகுஸ்ட் வெர்னாய் 1902ஆம் ஆண்டில் அதனைச் செய்யும் முறையை வெளியிட்டார். தூய அலுமினாத் தூளுடன் நிறமளிக்கும் பொருளைச் சேர்த்து, ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் சுவாலையினூடே சிறிது சிறிதாக உதிர்ப்பர். 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் தூள் உருகி, கீழேயுள்ள தாங்கியின்மீது படிந்து, சில மணி நேரத்தில் பேரிக்காய் வடிவான படிகமாக வளரும். இத்தகைய செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுதல், 20ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்த தொழிலாகும். செயற்கைக் கல்லைச் செயற்கைக் கல் என்றே கூறி விற்பதில் குற்றம் ஏதுமில்லை. அதனை இயற்கைக் கல் என விற்பதே மோசடி.

செயற்கை மாணிக்கமும் அதே அலுமினியம் ஆக்ஸைடே. ஆதலின் கடினம், எடை, ஒளிவிலகல் ஆகிய சோதனைகள் அதனைக் காட்டிக்கொடா. உரசிப் பார்ப்பதனால் கல்லுக்குச் சேதம் நேருமேயன்றி உண்மை விளங்காது. பாலிலிட்டால் பால் சிவந்து தோன்றும் என்பது போன்ற சோதனைகளாலும் பயனில்லை. சிவந்த கல் எதுவாயினும் அவ்வாறு தோன்றக்கூடும். புற ஊதா ஒளியில் செயற்கை மாணிக்கம் செந்நிறமாக ஒளிரும். பர்மாவின் இயற்கை மாணிக்கமும் அவ்வாறே ஒளிரும்.

எனவே, கல் வளர்ந்த வரலாற்றையே நோக்குதல் வேண்டும். இயற்கைக் கல் பூமிக்குள் தட்டையான படிக முகங்களுடன் வளர்கிறது. ஆதலின் அதன் நிறப்பட்டைகள் நேர்கோடுகளாகவோ, கோணமிட்டுச் சந்திக்கும் கோடுகளாகவோ அமையும். பட்டிழை போன்ற ரூட்டைல் ஊசிகளும் நுண்ணிய பிற படிகங்களும் உள்ளே காணப்படலாம். சுவாலையில் வளரும் செயற்கைக் கல்லின் மேற்பரப்போ குவிந்தது. ஆதலின் அதன் கோடுகள் கிராமபோன் இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்திருக்கும். வாயுக் குமிழிகளும் காணப்படலாம். வணிகர் ‘தோஷம்’ எனக் குறை கூறும் உள்ளடக்கமே, இவ்வகையில் இயற்கைக் கல்லின் சாட்சியாக விளங்குகிறது. குறையே இல்லாத பெரிய கல் மலிவாகக் கிடைப்பின் ஐயுறுதல் நலம்.

சோதிக்கும் முறை வருமாறு: கல்லைத் துடைத்து, கண்ணாடிக் கிண்ணத்திலுள்ள நீரிலோ கிளிசரினிலோ அமிழ்த்துக. கிண்ணத்தின் பின்னே வெள்ளைத் தாளை வைத்து, அதன் வழியே விளக்கொளி பரவச் செய்க. பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கியால் பல திசைகளிலிருந்தும் நோக்குக. ஒரு பட்டையின் விளிம்போடு நின்றுவிடும் கோடு பெரும்பாலும் மெருகிட்ட தடமே. பட்டைகளைக் கடந்து உள்ளே தொடரும் கோடே கணக்கிற்குரியது. நீலத்தில் வளைகோடுகள் எளிதில் புலப்படும். மாணிக்கத்தில் அவை மிக நுண்ணியவை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. உருகிய உப்புக் கலவையில் மெதுவாக வளர்க்கப்படும் செயற்கைக் கற்களில் வளைகோடுகள் இரா. வெப்பமூட்டப்பட்ட இயற்கைக் கல்லில் பட்டிழைகள் கரைந்து மறைந்திருக்கக்கூடும். பின்புறம் மூடிய நகையிலுள்ள கல்லினூடே ஒளி செல்லாது. நகை பழமையானது என்பதும் போதிய சான்றன்று. பழுது பார்த்தபோது கல் மாற்றப்பட்டிருக்கலாம். தெளிவான அடையாளம் காணாதபோது, 1972ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் நிறுவப்பெற்ற இரத்தினச் சோதனைக்கூடம் போன்ற நிலையத்திற்கு அனுப்புவதே முறை.

மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ நகையை விற்க வருபவருக்கு, இரு வகைக் கற்களின் விலை வேறுபாடு மிகப் பெரிது. இயற்கைக் கல்லைச் செயற்கை என்பதும் செயற்கைக் கல்லை இயற்கை என்பதும் அவருக்கு ஒருங்கே தீங்கு தரும். வளைகோட்டைக் கண்டால் ‘செயற்கை’ எனத் துணிந்து கூறலாம். காணாவிடின் ‘இயற்கை’ எனக் கூறலாகாது.