பூச்சி மருந்து விஷமும் நோயாளியின் உயிர்காப்பும்

பயிரைக் காக்கும் பூச்சி மருந்து, விதையையும் எருவையும் போலக் கிராமங்களில் சாதாரணப் பொருளாகிவிட்டது. ஆயினும் பூச்சியைக் கொல்லும் வஸ்து மனிதனையும் கொல்ல வல்லது என்பதை மறத்தலாகாது. தெளிக்கும்போது தோலில் ஊறியும், சுவாசத்தில் புகுந்தும், ஆகாரத்தில் கலந்தும், மனம் வெறுத்தவர்கள் அருந்துவதாலும் அது உடலிற் சேருகிறது. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பீகார் மாகாணத்துச் சரண் ஜில்லாவில், பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து கலந்திருந்ததாகப் பரிசோதனையிற் கண்டனர்.

இவ்விஷம் கண்டவர்களில் பலரைப் பிழைக்கச் செய்யலாம். ஆனால் அது ஓர் ஊசியால் ஒரே நாளில் முடியும் காரியமன்று. முதல் நாழிகையின் உதவி, ஆஸ்பத்திரி மருந்து, சுவாசக் காப்பு, ஆகாரம் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர வேண்டும்.

விஷம் வேலை செய்யும் விதம்

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட் முதலியவை ஆர்கனோபாஸ்பேட் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி கொண்டு செல்வது அசிட்டைல்கோலின் என்னும் பொருள். வேலை முடிந்தவுடன் அதை அழிக்க ஒரு நொதி உண்டு. விஷம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. மடையைத் திறந்தபின் அடைக்க ஆளில்லாவிடில் வயல் மூழ்குவது போல, நிற்காத ஏவலால் உடல் நிலைகுலைகிறது. கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும், எச்சில், கண்ணீர், வியர்வை பெருகும், வாந்தியும் பேதியும் காணும், தசைகள் துடிக்கும், நாடி மெலியும். நுரையீரலில் நீர் கோத்துச் சுவாசம் அடைபடுவதே பெரிய அபாயம்.

முதலில் செய்ய வேண்டியவை

1. உடனே 108-க்குச் செய்தி சொல்லுக. வண்டி தாமதமானால் கிடைத்த வாகனத்தில் கொண்டு செல்லுக.

2. விஷம் பட்ட உடைகளைக் களைந்து, தலைமயிர் உட்பட உடல் முழுவதையும் சோப்பும் ஏராளமான தண்ணீரும் கொண்டு கழுவுக. கழுவுவோர் கைகளில் உறை அணிய வேண்டும். இதன் பொருட்டுப் பிரயாணத்தைத் தாமதப்படுத்தலாகாது.

3. நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயிலுள்ள நுரையைத் துடைத்து வருக.

4. மருந்துப் புட்டியையோ அதன் மேற்சீட்டையோ ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுக.

சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளிக் கரைசல், பால் இவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இது பெருந்தீங்கு. நினைவு மங்கியவரின் வாந்தி சுவாசப் பையிற் புகும். பூச்சி மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் எண்ணெய் வகைகளும் உடன் புகுந்து நுரையீரலைப் புண்ணாக்கும். ஆதலால் வாய்வழி ஒன்றும் கொடுத்தலாகாது.

ஆஸ்பத்திரியில் நடப்பவை

வைத்தியர் முதலில் சுவாசப் பாதையைச் சுத்தப்படுத்திப் பிராணவாயு கொடுப்பார். பின்னர் அட்ரோபின் என்னும் மருந்தை 1 முதல் 3 மில்லிகிராம் வரை இரத்தக் குழாய் வழியே செலுத்தி, 5 நிமிஷத்துக்கொரு முறை பரிசோதித்து, பலன் தெரியாவிடில் அளவை இரட்டிப்பார். நுரையீரலிலுள்ள நீர் வற்றி, நாடியும் இரத்த அழுத்தமும் நிலைபெறுவதே இதற்கு எல்லை. அளவு மிஞ்சினால் ஜுரமும் பிதற்றலும் உண்டாகுமாகையால் இடைவிடாத கண்காணிப்பு வேண்டும். முடங்கிய நொதியை விடுவிக்கப் பிராலிடாக்சைம் என்னும் மருந்தும் சிலருக்குக் கொடுக்கப்படும். அதன் பலன் எல்லா விஷங்களிலும் ஒன்றுபோல் இராது. இரைப்பையைக் கழுவுவது எல்லோருக்கும் ஏற்றதன்று. விஷம் உட்சென்று ஓரிரு மணி நேரத்துக்குள், சுவாசப் பாதைக்குக் காப்புச் செய்த பிறகே அது தகும்.

இரண்டாம் நாளின் அபாயம்

நோயாளி கண் விழித்துப் பேசியதும், “பிழைத்துவிட்டான்” என்று உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவசரப்படுவதுண்டு. இதுவே பல உயிர்களை வாங்குவது. விஷம் சேர்ந்த முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் சோர்ந்துபோகக்கூடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை இதன் முதற் குறி. அப்போது சுவாச யந்திரம் அருகில் இல்லாவிடில் மூச்சு நின்றுவிடும். யந்திரத்தின் துணை சில நாள் முதல் சில வாரம் வரை தேவைப்படலாம். ஆதலால் வைத்தியர் அனுமதியின்றி நோயாளியை அழைத்துச் செல்லலாகாது.

ஆகாரமும் ஒரு மருந்தே

கடும் நோயில் உடல் தன் தசையையே கரைத்து எரிக்கிறது. சுவாசத் தசை மெலிந்தால் யந்திரத்தினின்று விடுபடுதல் அரிதாகும். எனவே இரத்த ஓட்டம் நிலைபெற்றதும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள், மூக்கு வழியே இரைப்பைக்குச் செலுத்திய மெல்லிய குழாயால் திரவ ஆகாரம் தொடங்கப்படும். சிறிதளவில் தொடங்கிச் சில நாட்களில் உயர்த்துவர். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1.3 கிராம் புரதம் என்பது கணக்கு; 50 கிலோ எடையுள்ளவருக்கு 65 கிராம் ஆகும். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். அட்ரோபின் குடலின் அசைவைக் குறைப்பதால் வயிறு உப்புகிறதா என்றும் பார்ப்பர்.

நெடுநாள் பட்டினியால் மெலிந்தவருக்கு ஒரேயடியாக நிறைய ஆகாரம் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் உப்புக் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே அத்தகையோருக்குத் தயமின் என்னும் உயிர்ச்சத்தை முன்னதாகக் கொடுத்து, ஆகாரத்தை மெல்ல உயர்த்துவர். உறவினர் பரிவினால் கஞ்சியையோ இளநீரையோ ரகசியமாகப் புகட்டலாகாது. குழாயை எடுத்த பின்னும், விழுங்கும் சக்தி பரிசோதிக்கப்பட்ட பிறகே வாய்வழி ஆகாரம்.

சங்கத்தின் கடமை

பூச்சி மருந்தை அதன் சொந்தப் புட்டியிலேயே விற்பதும், பூட்டிய பெட்டியில் வைக்க அங்கத்தினர்களைத் தூண்டுவதும், காலிப் பாத்திரத்தில் எண்ணெயோ தண்ணீரோ வைப்பதைத் தடுப்பதும் சங்கத்தால் இயலும். சுவாச யந்திரமுள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் பெயரைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வைத்தால் நெருக்கடியில் தேட வேண்டியதில்லை.

வழக்குக்கு அஞ்சி நோயாளியை மறைத்து வைப்பது வேண்டாத பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிரை மாய்க்க முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருதப்படுவார். அவரைத் தண்டிக்க இயலாது. கடனாலும் குடும்பத் துயராலும் மனம் உடைந்தவர்க்கு 14416 என்னும் இலவசத் தொலைபேசியில் ஆலோசனை கிடைக்கும். பிழைத்து வீடு திரும்பியவரை ஏசாமல், அண்டை அயலார் அன்புடன் ஏற்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் தோள் கொடுப்பதே கூட்டுறவின் பொருளாதலால், இக்கடமை சங்கத்துக்குப் புதிதன்று.