பொட்டலத்தில் இருப்பது எந்த மூலிகை?

 

டயாலிசிஸ் உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருவோரிடம், அதுவரை சாப்பிட்ட மருந்துகளின் விவரத்தையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். சிலர், "ஏதோ மூலிகைப் பொடி சாப்பிட்டேன், பெயர் தெரியாது" என்கிறார்கள். அந்தப் பொடியால்தான் நோய் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டது இன்னதென்று யாருக்கும் தெரியாமல் இருப்பது கவலை தருகிறது.

செடி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் நாட்டில் நடந்தது ஒரு படிப்பினை. 1990-களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைய மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. பாதிக்கப்பட்டோர் நூறு பேர் வரை என்று கணக்கிடப்பட்டது. மருந்தில் சேர வேண்டியது 'ஃபாங் ஜி' என்ற சீன மூலிகை. வந்து சேர்ந்ததோ 'குவாங் ஃபாங் ஜி' என்ற வேறு செடியின் வேர். பெயர் ஏறக்குறைய ஒன்று; செடி வேறு. அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

பொடியாக இடித்த பின் கண்ணால் பார்த்து இனம் காண்பது கடினம். அதற்கு இரண்டு சோதனைகள் உள்ளன.

முதலாவது, வேதியியல் கைரேகை. ஈரத்தாளில் மைத்துளி விழுந்தால் அதிலுள்ள நிறங்கள் தனித்தனியே பிரிந்து பரவும் அல்லவா? அதுபோல மூலிகைச் சாற்றிலுள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டுவது குரோமட்டோகிராபி. அந்த வரிசையை அசல் மூலிகையின் வரிசையோடு ஒப்பிடுவார்கள். பெல்ஜியம் பொடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது இவ்வகைச் சோதனையில்தான் வெளிப்பட்டது.

இரண்டாவது, மரபணுக் கைரேகை. செடிகளின் டி.என்.ஏ.வில் சில சிறு பகுதிகள் இனத்துக்கு இனம் வேறுபடும். அவற்றைப் படித்து இனத்தை அறிவதை டி.என்.ஏ. பார்கோடு என்பார்கள். ஆர்.பி.சி.எல்., மேட்.கே. என்னும் இரு பகுதிகளை இதற்குப் பயன்படுத்தலாம் என்று 2009-இல் சர்வதேச அறிஞர் குழு பரிந்துரைத்தது.

இரண்டுக்கும் குறை உண்டு. காய்ச்சி வடித்த கஷாயத்திலும் சாற்றிலும் டி.என்.ஏ. சிதைந்துவிடும். செடி எது என்று அது சொன்னாலும், வேரா இலையா, மருந்துச் சத்து எவ்வளவு என்று சொல்லாது. வேதியியல் கைரேகையோ மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அசலான மூலிகை என்பதாலேயே அது ஆபத்தற்றது ஆகிவிடாது. நம் பகுதியில் விளையும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டோலோகியா இனமே. அவற்றிலும் அந்த அமிலம் உண்டு.

இச்சோதனைகளை நம் வீட்டில் செய்ய முடியாது. ஆனால் நாம் செய்யக்கூடியவை உள்ளன:

- லேபிள் இல்லாத பொடியை வாங்காதீர்கள். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.
- தகுதி பெற்ற ஹக்கீம் அல்லது சித்த மருத்துவரிடம் கேட்டே சாப்பிடுங்கள்.
- சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் மூலிகையை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.
- சாப்பிட்டு ஏதேனும் கோளாறு தெரிந்தால், பொட்டலத்தை எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூலிகை வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த ஈரத்தை மறைத்ததற்காக வியாபாரியைக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. மருந்தில் அந்த அமானத் இன்னும் கனமானது. எங்கிருந்து வாங்கினோம், அது எந்தச் செடி என்று உறுதியாகத் தெரியாத சரக்கை விற்காதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

— செயலாளர்