காற்றை வடிகட்டும் எண்கள்

புகைமூட்டம் நமக்குப் புதிதன்று. 1997-இல் சரவாக்கிலும், 2005-இல் கிள்ளான் துறைமுகம், கோலசிலாங்கூர் வட்டாரங்களிலும், 2013-இல் மூவார், லேடாங் பகுதிகளிலும் அவசர நிலை அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டால் காற்று சுத்தமாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று.

வீட்டுக் குளிர்சாதனத்தின் முகப்பைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். பஞ்சு, முடி, பெருந்தூசி ஆகியவற்றைப் பிடிக்க மட்டுமே அது உதவும். புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனுக்கும் சிறியவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன். நம் தலைமுடியின் பருமனோ ஏறத்தாழ 70 மைக்ரோன்! இத்தனை நுண்ணிய துகள் அந்த வலையில் அகப்படுமா?

எண் சொல்வது என்ன?

கட்டடங்களின் காற்றோட்டக் கருவிகளில் பொருத்தும் வடிகட்டிகளுக்கு ‘மெர்வ்’ என்றொரு தர எண் உண்டு. அமெரிக்காவின் ஆஷ்ரே என்னும் பொறியாளர் சங்கம் வகுத்த இந்த எண் 1 முதல் 16 வரை செல்லும். எண் கூடக் கூட நுண்ணிய துகளும் சிக்கும்.

மெர்வ் 8 வடிகட்டி, 3 முதல் 10 மைக்ரோன் வரையுள்ள தூசியில் நூற்றுக்கு 70 பங்கையாவது பிடிக்கும். ஆனால் ஒரு மைக்ரோனுக்குக் குறைந்த துகளுக்கு அந்த எண் எந்த உறுதியும் தருவதில்லை. மெர்வ் 13 வடிகட்டியோ, 0.3 முதல் 1 மைக்ரோன் வரையுள்ள துகள்களிலும் பாதியையாவது நிறுத்திவிடும்.

‘ஹெப்பா’ இவற்றிலும் மேலானது. அமெரிக்க அளவுகோலின்படி, 0.3 மைக்ரோன் துகள்கள் 10,000 வந்தால் 3-க்கு மேல் தப்பக்கூடாது. அதென்ன 0.3 கணக்கு? பெரிய துகள் நேரே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியது காற்றில் தடுமாறி அலைந்து ஒட்டிக்கொள்ளும். இடைப்பட்டதுதான் எளிதில் நழுவும். அதனால்தான் அதை வைத்துச் சோதிக்கிறார்கள்.

வாங்குமுன் கவனிக்க

எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. வடிகட்டி அடர்த்தியானால் காற்றுக்குத் தடையும் கூடும். வலுவில்லாத விசிறி திணறும், காற்று குறையும். ஆகவே வீட்டுக் குளிர்சாதனத்தில் கனத்த வடிகட்டியைத் திணிக்காதீர்கள். அறையின் அளவுக்கேற்ற, ஹெப்பா பொருத்திய தனிச் சுத்திகரிப்புக் கருவியே ஏற்றது. ‘ஹெப்பா போன்றது’ என்று அச்சிட்டிருந்தால் ஏமாறாதீர்கள்.

வடிகட்டியின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அவ்வழியே புகுந்துவிடும். பிளாஸ்டிக் வலையைக் கழுவலாம். காகித வடிகட்டியைக் கழுவினால் கெட்டுவிடும், புதிது மாற்ற வேண்டும். புகை வாடையை அகற்றக் கரி கலந்த வடிகட்டி தேவை.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியுமென்றால், இழுப்பு உள்ள குழந்தையோ முதியவரோ படுக்கும் அறையில் அதை வையுங்கள்.