மஞ்சட் கடவையும் இரண்டாவது வண்டியும்

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடப்பதென்பது, அங்கு நெடுங்காலம் வாழ்ந்தவர்க்கும் நாள்தோறும் புதிதாய்ச் செய்யவேண்டிய காரியமாகவே இருந்துவருகிறது. ஒருபுறம் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகள். மறுபுறம் உள்ளூரை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகள். வீடு ஒரு பக்கத்திலும், பள்ளியோ கோயிலோ கடையோ மறு பக்கத்திலுமாக அமைந்துவிட்ட குடும்பங்கள் பல. இவர்களுக்கென வீதியில் தீட்டப்பட்டிருப்பதே பாதசாரிக் கடவை. கோட்டின் நிறம் எதுவாயினும் நம் மக்கள் வாயில் அது மஞ்சட் கடவைதான்.

இத்தகைய வரிக் கடவைகள் பிரித்தானியாவில் 1951ஆம் ஆண்டு சட்டபூர்வமாக நடைமுறைக்கு வந்தன. நமது மோட்டார் வாகனச் சட்டமும் அதே ஆண்டிற் பிறந்ததே. கடவையிற் கால்வைத்தவருக்கு வழிவிடுவது சாரதியின் கடமை என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆயினும் கடமை வண்டியை நிறுத்துவதில்லை, தடையே நிறுத்துகிறது. இதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். சாரதி உங்களைக் கண்டு தடையை மிதிப்பதற்கே ஒரு விநாடி கழியும். அதன்பின் உலர்ந்த வீதியில் வண்டி நிற்க இன்னும் 14 மீற்றர் வேண்டும். மழை பெய்திருந்தால் தூரம் கூடும். இனி, நடப்பவரைப் பாருங்கள். நல்ல உடல்நலமுள்ளவர் விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார். 14 மீற்றர் அகலமான வீதியைக் கடக்க அவருக்கு 12 விநாடி ஆகும். கோலூன்றி நடக்கும் பாட்டிக்கு 17 விநாடியும் போதாது. பச்சை விளக்கு அணையுமுன் பாட்டி நடு வீதியில் நிற்பது அவர் குற்றமன்று.

என் பாடசாலையில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கடவையில் ஒரு பஸ் வண்டி நின்றது, சாரதி கையசைத்தார், பையன் நடந்தான். பஸ்ஸின் மறைவினின்றும் அவன் வெளிப்பட்ட கணத்தில், அதனை முந்திவந்த மோட்டார் சைக்கிள் அவன் காலை முறித்தது. மருத்துவமனையில் என்னைக் கண்டதும் அவன் கேட்டது ஒன்றே: “பஸ் நின்றதே, சேர்!”

நேயர்களே, அந்தப் பையன் விதியை மீறவில்லை. நாம் கற்பித்ததைத்தான் செய்தான். வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், வண்டி நின்றபின் நட என்று கற்பித்தோமேயன்றி, நின்ற வண்டி தனக்காக மட்டுமே நின்றது என்று கற்பிக்கவில்லை. கையசைக்கும் சாரதி தம் வண்டிக்கு உறுதி கூறலாம். தம்மை முந்துபவனுக்காக அவர் எவ்வாறு உறுதி கூறுவார்? ஆதலால் நின்ற பஸ்ஸின் ஓரத்தை அடைந்ததும் மீண்டும் ஒருமுறை நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்க்கவேண்டும். அதற்கப்பால் இருப்பது இன்னொரு வீதி. கடவையருகே நிற்கும் வண்டியை முந்துகிற சாரதிகளைப் பற்றி நான் கூறக்கூடிய சொற்கள் வானொலிக்கு ஏற்றவையல்ல.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. ஜம்பட்டா வீதி போன்ற இடங்களில் வேகம் குறைவு. ஆனால் பார்வை மறைகிறது. பொருள் இறக்க நிற்கும் லொறி, நடைபாதையை விழுங்கிய கடைச் சாமான், இடையே நுழையும் முச்சக்கரவண்டி ஆகியவற்றுக்கு நடுவே பாதசாரி வீதியின் விளிம்பிலேயே நடக்க நேரிடுகிறது. நடைபாதையை மீட்டுக் கொடாமல் அவரை மட்டும் கடிந்துரைப்பது நியாயமாகாது.

விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வரும் உறவினரையும் மறக்கலாகாது. அந்நாடுகளில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுவதால் அவர்கள் பழக்கத்தின்படி முதலில் இடப்பக்கம் பார்ப்பார்கள். நமது வீதியிலோ முதல் வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். முதல் வாரம் அவர்களைக் கையிற் பிடித்து அழைத்துச் செல்லுங்கள், வெட்கப்படவேண்டியதில்லை.

இப்பொழுது எங்கள் பாடசாலை முற்றத்தில் சுண்ணாம்பினாற் கடவை வரைந்திருக்கிறோம். இரு வாங்குகள் பஸ் வண்டிகளாக நிற்கின்றன. முந்திவரும் மோட்டார் சைக்கிளாக ஓடுபவன், கால் குணமாகி மீண்ட அந்தப் பையனே. வாங்கின் ஓரத்தில் நின்று எட்டிப் பாராத எவரையும் அவன் தப்பவிடுவதில்லை.