இசைத்தகடுகளைக் குறைவின்றிப் பெயர்த்தல்

1982ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகத் தாங்குவது. அதன் அலுமினியப் பூச்சு காற்றுப்பட்டுக் கெடுமாயின், மறுபதிப்புப் பெறாத பாடல்கள் தகட்டோடு மாயும். ஆதலின், தகடு நலமாயிருக்கும்போதே அவற்றைக் கணினிக்குப் பெயர்த்தல் நம் கடன்.

பெயர்க்கும் முறைகளுள் எம்பி3 என்பது, செவிக்குப் புலனாகாவெனக் கருதும் பகுதிகளைக் களைந்துவிடும்; களைந்தவை மீளா. 2001இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ, ஓரெண்ணும் இழவாது கோப்பை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும். விரித்தவழி மூலம் அவ்வாறே கிட்டும்.

நிற்க, கீறலுற்ற இடங்களைக் கருவி ஊகித்து நிரப்புதலும் உண்டு. ஆகவே, சுவடி பெயர்ப்போன் மூலத்தோடு ஒப்புநோக்குதல்போல, தகட்டை இருமுறை படித்து ஒப்பிடும் மென்பொருளையே நாம் கொள்வோமாக. பெயர்த்தவற்றை ஈரிடங்களில் வைத்துக் காப்பதும் இன்றியமையாதது.