பனிக்காலம் வருமுன் வீட்டுக்கும் ஒரு போர்வை

நுவரெலியா, கந்தப்பளை, ஹட்டன் பகுதிகளில் மரக்கறிச் செய்கை நடத்துவோருக்கும், வலப்பனைப் பள்ளத்தாக்குகளில் நெல் விளைவிப்போருக்கும் பனியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி நெருங்கியதும் கோவா நாற்று மேடைக்குத் தட்டி கட்டுகிறோம். உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சாக்குப் போர்த்துகிறோம். அதே இரவில் நம் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு மேலே வெறுந்தகரம் ஒன்றே இருக்கிறது. நாற்றுக்குச் செய்யும் காவலை வீட்டுக்கும் செய்வது எவ்வாறு என்பதே இப்பிரசுரத்தின் பொருள்.

சூடு போகும் வழி

குளிர் வீட்டினுள் வருகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் நடப்பது, வீட்டின் சூடு வெளியே போவதேயாகும். நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலும், ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. 1000 மீற்றர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும். ஆகவே ஹட்டனை விட நுவரெலியா ஏறத்தாழ 4 பாகை குளிர்ந்தது. எனினும் உயரம் ஒன்றே காரணமன்று. மார்கழி நடுவிலிருந்து மாசி வரை, முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில், நிலமும் கூரையும் தம் சூட்டை வானத்துக்கு இழந்துவிடுகின்றன. குளிர்ந்த காற்றுக் கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பூப்பனி என்று நாம் சொல்லும் உறைபனி பள்ளத்து வயல்களில் முதலில் படிவது இதனாலேயே. பள்ளத்தில் அமைந்த லயன்களின் நிலையும் அதுவே.

தகரம் சூட்டை விரைவாகக் கடத்தும். அசையாத காற்றோ மிக மெதுவாகவே கடத்தும். கம்பளி சூடு தருவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றை அடைத்து வைத்து, நம் உடற்சூட்டைக் காக்கிறது. வீட்டுக்கும் இவ்வாறே காற்றை அடைத்து வைக்கும் ஒரு போர்வை தேவை.

முதலில் ஈரத்தை நீக்குக

நனைந்த கம்பளி குளிர் தாங்காது. நனைந்த சுவரும் அவ்வாறே. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையின்போதே கூரையைப் பார்த்து வைக்க வேண்டும். ஆணித்துளைகளைத் தார் பூசி அடையுங்கள். சுவரடியில் மண் குவிந்திருப்பின் அகற்றி, நீர் விலகி ஓடக் கான் வெட்டுங்கள். விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டும் நீர் எப்போதும் மழை ஒழுக்கன்று. நம் மூச்சிலும் சமையலிலும் எழும் ஆவியே குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. கூரைக்குக் கீழே தட்டு அமைத்து, அறையின் ஆவி வெளியேறவும் வழி வைத்தால் இதுவும் குறையும்.

கூரைத் தட்டு

செலவு செய்ய ஒரே ஓர் இடந்தான் உண்டெனில், அது கூரையே. மூங்கிற் சட்டம் கட்டி, கழுவிக் காயவைத்த உரப்பைகளை இரண்டு மடிப்பாகத் தைத்து, தகரத்துக்குக் கீழே நாலு விரல் முதல் ஒரு சாண் வரை இடைவெளி விட்டு இழுத்துக் கட்டுங்கள். ஓரங்களில் காற்றுப் புகாதவாறு சுவரோடு சேர்த்து அடியுங்கள். பலகையோ, அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்போ வாங்க இயலுமாயின் இன்னும் நன்று.

மூன்று எச்சரிக்கைகள்: அடுப்புள்ள அறையில் சாக்குத் தட்டு அமைக்கலாகாது. மின்கம்பி தட்டில் உரசலாகாது. அஸ்பெஸ்டஸ் கூரையை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

கதவும் தரையும்

இரவில் மெழுகுவர்த்தி ஒன்றைக் கதவு, யன்னல் ஓரங்களில், துணிகளுக்கு எட்டாமல், மெல்லக் கொண்டு செல்லுங்கள். சுடர் சாயுமிடத்தில் இடுக்கு உண்டு. பழந்துணியைத் திரித்துச் செருகுங்கள். கதவடியில் மணல் நிரப்பிய துணிச்சுருளை வையுங்கள்.

சீமெந்துத் தரை உடற்சூட்டை உறிஞ்சும். கல்லடுக்கிப் பலகையிட்டு, அதன்மேல் பாயும் கம்பளியும் விரிப்பது நன்று. வைக்கோற் பொதியாயின், நன்கு உலர்ந்த வைக்கோலைத் தடித்த சாக்கில் அடைத்து, ஈரம் கண்டவுடன் மாற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் மூச்சுத் திணறலுக்கு இடமாகும்.

ஒற்றை வரிசை லயனில் நடுக் காம்பராவுக்கு வெளிச்சுவர் இரண்டு. ஓரத்துக் காம்பராவுக்கோ மூன்று. ஆகவே ஓரத்து வீட்டாருக்கே முதற்போர்வை வேண்டும். அயலார் சேர்ந்து வேலை செய்தால், ஒரு விடுமுறை நாளில் அந்த வீட்டை முடித்துவிடலாம்.

கரிச் சட்டி கூடாது

சில ஆண்டுகளுக்கு முன், பனி விழும் என்று எண்ணிய ஒரு மாலையில், லயன் ஒன்றின் அருகே கோவா நாற்று மேடையைப் பார்வையிட்டேன். இருக்கும் சாக்கெல்லாம் மேடைக்கு வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் அவ்வாறே செய்தார். வீட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிரவு அவர்கள் இடுக்குகளையெல்லாம் தாளால் அடைத்து, கனலும் கரிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தார்கள். விடியுமுன் எழுந்த தாய் தலைச்சுற்றலோடு கதவைத் திறந்திராவிடின், பாட்டியும் இரு பிள்ளைகளும் பிழைத்திருக்கமாட்டார்கள். மறுநாள் நான் சென்றபோது நாற்றில் ஓர் இலையும் கருகவில்லை. இளைய பிள்ளை வைத்தியசாலையில் இருந்தது.

கரி எரியும்போது எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி உயிரைக் கொள்ளும். உறங்கும் அறையில் கரிச் சட்டி, விறகுக் கனல், மண்ணெண்ணெய் அடுப்பு ஆகிய எதையும் வைக்கலாகாது. அறையை எவ்வளவு அடைத்தாலும், கூரையோரத்தில் ஒரு செங்கல் அளவு துவாரத்தைத் திறந்தே வையுங்கள். சூடு வேண்டுமாயின், வெந்நீர் நிறைத்து இறுக மூடிய போத்தலைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைப்பது போதும்.

வைக்கோல் ஓரிடம், குளிர் ஓரிடம்

வலப்பனை வயல்களில் பெரும்போக அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிப்போர் உண்டு. அதை எரியாமல் உலர்த்திக் கட்டி வைத்தால், அடுத்த பனிக்கு மேட்டு நிலத்து நாற்று மேடைக்கும், மாட்டுக் கொட்டிலுக்கும், படுக்கைக்கும் உதவும். நெற்செய்கையாளருக்கு அது கைப்பணம். மரக்கறிச் செய்கையாளருக்கு அது காவல்.

செய்கையாளப் பெருமக்களே! கார்த்திகை முடியுமுன் கூரை, கதவு, தரை ஆகிய மூன்றையும் ஒருமுறை பாருங்கள். சாக்குப் போதாதெனில், முதற் சாக்குப் பிள்ளை உறங்கும் அறைக்கு, மிஞ்சியது நாற்றுக்கு. கருகிய நாற்றை மீண்டும் விதைத்துக்கொள்ளலாம்.